பத்துப் பவுண் வித்தியாசம்: ஒரே வீட்டில் முழுநேரச் சட்டப் படிப்பும் பகுதிநேரச் சட்டப் படிப்பும்

2021 செப்டெம்பரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் சட்டம் படிக்கப் போனோம். மகளுக்கு 18 வயது, எனக்கு 46. அவள் லண்டனுக்கு வெளியே, வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் மூன்று வருட முழுநேரப் படிப்பில் சேர்ந்தாள். நான் வேலை முடிந்து நகர மத்திக்கு ரயில் ஏறிப் போய், மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை இருந்து படிக்கும் நான்கு வருடப் பகுதிநேரப் படிப்பில் சேர்ந்தேன். அவள் 2024 இல் பட்டம் எடுத்தாள், நான் 2025 இல். இரண்டும் எல்.எல்.பி. தான். என் சான்றிதழில் பகுதிநேரம் என்று ஓர் எழுத்தும் இல்லை.

அன்றிலிருந்து கோயில் வீதியிலும் கல்யாண மண்டபத்திலும் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். "அண்ணை, பிள்ளையைச் சட்டத்துக்கு விடலாமோ?" என்பது ஒரு கேள்வி. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நானும் இந்த வயதில் படிக்கலாமோ?" என்பது இரண்டாவது. நின்று பதில் சொல்லி முடிப்பதற்குள் இலையில் போட்ட சோறு ஆறிவிடுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயரையும் சொல்லப்போவதில்லை. குறைகளும் சொல்ல இருக்கிறது, அவை எங்கள் இருவருக்கு நேர்ந்தவை மட்டுமே.

இருபது வருடத்துக்கு மேலாகப் பெற்றோல் நிலையத்துக் கல்லாவில் நிற்பவன் நான். எந்தப் பொருளையும் விலைச் சீட்டிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன். மகளுடைய கட்டணம் வருடத்துக்கு 9,250 பவுண், மூன்று வருடத்துக்கு 27,750. என்னுடையது வருடத்துக்கு 6,935, நான்கு வருடத்துக்கு 27,740. பத்துப் பவுண் வித்தியாசம். இங்கிலாந்தில் அரசு வைத்திருந்த உச்சவரம்பே அவைதான், எங்கள் இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒரு பென்னியும் விடாமல் உச்சவரம்பையே வாங்கின. 2025 இலையுதிர்காலத்தில் அதை 9,535 ஆகவும் 7,145 ஆகவும் கூட்டிவிட்டார்கள். அந்தத் தொகைகளைப் பெருக்கிப் பார்த்தால் வித்தியாசம் 25 பவுண். பகுதிநேரம் மலிவு என்று நம்பி வருகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

46 வயதில் மாணவர் கடன் தருவார்களா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. கல்விக் கட்டணத்துக்கான கடனுக்கு வயது வரம்பு இல்லை. ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால்தான் பெரும்பாலும் சிக்கல். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சையோடு என் படிப்பு 1995 யுத்த இடப்பெயர்வில் நின்றது. இங்கே ஒரு வருட மாலைநேர ஆயத்தப் படிப்பு முடித்துத்தான் உள்ளே போனேன். கடனைத் திருப்பிக் கொடுப்பது, வரம்புக்கு மேல் வரும் சம்பளத்தில் 9 சதவீதம். எங்கள் இருவருடைய திட்டத்தில் 30 வருடத்தில் மிச்சம் தள்ளுபடியாகும். அப்போது மகளுக்கு 50 வயது தாண்டியிருக்கும். எனக்கு 81. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு படிக்கத் தொடங்கியவர்களுக்கு இது 40 வருடம், அவர்கள் பாடு.

விலைச் சீட்டில் எழுதாத விலைகள்தான் பகுதிநேரத்தில் ஆளைக் கடிக்கின்றன. வீடுகளுக்கு உள்ளூராட்சி சபை போடும் கவுன்சில் வரிக்கு முழுநேர மாணவரை ஓர் ஆளாக எண்ணுவதில்லை. எங்கள் வீட்டில் மகளை விட்டால் மனைவியும் நானும். நானும் முழுநேரமாகப் படித்திருந்தால் மனைவி ஒருவர்தான் கணக்கில் நிற்பார், வரியில் 25 சதவீதம் கழிவு கிடைத்திருக்கும். பகுதிநேரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 26 வயதைத் தாண்டியவர்களும் முழுநேரம் படித்தால் இளைஞர் ரயில் அட்டை எடுக்கலாம், பகுதிநேரம் என்றால் முடியாது. வாழ்க்கைச் செலவுக்கான கடன் மட்டும் 2018 இலிருந்து, நேரில் வகுப்புக்குப் போகும் பகுதிநேர மாணவருக்கும் உண்டு. நான் வேலையை விடவில்லை என்பதால் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கிழமைக்கு ஒரு ஷிப்டையாவது குறைத்திருக்கலாம். இன்று யோசித்தால், எடுக்காதது வீண் பெருமை என்றுதான் படுகிறது.

அடுத்தது 'பகுதி' என்ற சொல். நானும் அதைப் பாதி என்றுதான் விளங்கிக்கொண்டு போனேன். பட்டத்துக்கு மொத்தம் 360 கிரெடிட். முழுநேரத்தில் வருடத்துக்கு 120, என் படிப்பில் வருடத்துக்கு 90. அதாவது மகளுக்கு நான்கு பாடம் என்றால் எனக்கு மூன்று. பாதி இல்லை, முக்கால். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு என்பது இங்கே பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான கணக்கு. மூன்று பாடத்துக்கு 900 மணித்தியாலம். கல்வியாண்டின் முப்பது கிழமைகளால் பிரித்தால், கிழமைக்கு 30 மணித்தியாலம். நாற்பது மணித்தியால வேலைக்கு மேலே இது. சேர்வதற்கு முன் யாராவது இந்தக் கணக்கை ஒரு பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டியிருந்தால் நல்லது என்று முதல் நவம்பரிலேயே நினைத்தேன்.

காலை ஐந்தரைக்கு நிலையத்தைத் திறப்பேன். ஒன்றரைக்கு ஷிப்ட் முடியும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் படுப்பேன். நாலரைக்கு ஹரோவில் ரயில். திரும்பி வர இரவு பத்தேகால், அதற்குமேல் மனைவி மூடி வைத்த புட்டு. கிழமைக்கு மூன்று மாலை இப்படி. மற்ற நேரத்தில் வாசிப்பு. வழக்குகளைப் படியெடுத்து, கடைக்குப் பின்னால் சிகரெட் பெட்டிகள் அடுக்கும் அறையில் வைத்திருப்பேன். ஆள் இல்லாத பொழுது இரண்டு பக்கம் வாசிக்கலாம். மணி அடித்தால் எழுந்து போக வேண்டும். ஒரு தீர்ப்பை ஆறு துண்டாக வாசித்தால் ஆறாவது துண்டு வரும்போது முதலாவதில் யார் யாருக்கு வழக்குப் போட்டார் என்பது மறந்துபோயிருக்கும். நான்கு வருடமும் எனக்குத் தீராத தலையிடி இதுதான்.

ஆனால் வகுப்பு! அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். என்னோடு இருந்தவர்களில் ஒரு பஸ் சாரதி, கானா நாட்டிலிருந்து வந்த ஒரு தாதி, கவுன்சிலில் வீடு ஒதுக்கும் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண், பொலிஸ் நிலையத்தில் கைதிகளைப் பதிவு செய்யும் ஒருவர், தொழிற்சங்கக்காரர் ஒருவர். விரிவுரையாளர் ஒரு சட்டத்தைச் சொன்னால், "அது நடைமுறையில் அப்படி நடப்பதில்லையே" என்று யாராவது ஒருவர் கை தூக்குவார். மகளுடைய செமினாரில் பன்னிரண்டு பேர் இருப்பார்களாம், கேள்வி கேட்டால் பன்னிரண்டு பேரும் மேசையைப் பார்ப்பார்களாம். 18 வயதுப் பிள்ளைகளிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

குற்றவியல் சட்ட வகுப்பில் களவு வந்த நாளை மறக்க மாட்டேன். 1976 இல் முடிந்த ஒரு வழக்கு, எட்வர்ட்ஸ் எதிர் டின். ஒருவர் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, டாங்கியை நிரப்பச் சொல்லி, நிரப்பிய பிறகு காசு கொடுக்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். களவு இல்லை என்றது நீதிமன்றம். ஏனென்றால் பெற்றோல் டாங்கிக்குள் விழுந்து அங்கே ஏற்கெனவே இருந்த பெற்றோலோடு கலந்த கணத்திலேயே அது அவருடைய சொத்தாகிவிட்டது. தன் சொத்தைத் தானே களவெடுக்க முடியாது. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இருபது வருடத்தில் எத்தனை முறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கார் இலக்கத்தை எழுதியிருப்பேன்! விரிவுரையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் சொல்லுங்கள்" என்றார். எழுந்து நின்று சொன்னேன். உள்ளே வரும்போதே ஏமாற்றும் எண்ணத்தோடு வருகிறவனைப் பார்த்த உடனே தெரியும், கார் முகப்பை வாசல் பக்கம் திருப்பித்தான் நிறுத்துவான். நிரப்பி முடித்த பிறகு வரிசையின் நீளத்தைப் பார்த்து மனம் மாறுகிறவன் வேறு. இரண்டாவது ஆளைப் பிடிக்கத்தான் 1978 களவுச் சட்டத்தில் மூன்றாம் பிரிவைப் போட்டார்கள். பணம் கொடுக்காமல் நழுவுதல் என்பது தனிக் குற்றம், ஆகக்கூடியது இரண்டு வருடச் சிறை. நான் சொல்லச் சொல்ல விரிவுரையாளர் பலகையில் எழுதினார். அன்றிரவு ரயிலில் எனக்கு நித்திரை வரவில்லை. பாடசாலையில்கூட என்னைக் கேட்டு யாரும் பலகையில் எழுதியதில்லை.

ஒப்பந்தச் சட்டத்திலும் இப்படித்தான். 1953 இல் தீர்ப்பான பூட்ஸ் மருந்துக்கடை வழக்கு எங்கள் பக்கத்து எட்ஜ்வெயர் கிளையைப் பற்றியது. சுயசேவைக் கடைகள் புதிதாக வந்த காலம் அது. வாடிக்கையாளர் தட்டிலிருந்து மருந்தை எடுத்துக் கூடையில் போடும்போது விற்பனை முடிந்துவிடுகிறதா, அல்லது கல்லாவில் காசு கொடுக்கும்போதா? கல்லாவில்தான் என்றது நீதிமன்றம். தட்டில் இருப்பது பேரத்துக்கு ஓர் அழைப்பு மட்டும். வாடிக்கையாளர் பொருளைக் கல்லாவுக்குக் கொண்டுவருவது முன்மொழிவு. அதை ஏற்பதும் மறுப்பதும் கடைக்காரர் கையில். இதை நான் இருபது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். 18 வயதாகாத பிள்ளை பியர் கொண்டுவந்து வைத்தால் முன்மொழிவை மறுக்கிறேன், அவ்வளவுதான்!

அந்த உற்சாகத்தில் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளும் அதே கிழமை அதே வழக்கைத்தான் படித்திருந்தாள். "அப்பா, கடை உங்களுக்குத் தெரியும். தீர்ப்பை வாசித்தீர்களா?" என்று கேட்டாள். வாசிக்கவில்லை, பாடநூலில் இருந்த சுருக்கத்தைத்தான் வாசித்திருந்தேன். அவளும் மூன்று தோழிகளும் மாதிரி வழக்காடல் போட்டிக்காக மூன்று நாள் நூலகத்தில் இருந்து அந்தத் தீர்ப்பைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். கூடையில் போடும்போதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றால், பிறகு மனம் மாறி வேறு பொருள் எடுக்க விரும்புகிறவர் முதலாவதைத் திரும்ப வைக்கவே முடியாது, அதனால்தான் நீதிபதிகள் அப்படிச் சொல்லவில்லை என்று காரணத்தை எனக்கு விளக்கினாள். அந்தத் தொலைபேசி உரையாடலில்தான் இரண்டு படிப்புக்கும் உள்ள வேறுபாடு எனக்கு முதன்முதலாகப் பிடிபட்டது.

அவள் சேர்ந்த புதிதில் நேர அட்டவணையைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன். கிழமைக்கு வகுப்பு 12 மணித்தியாலம். "இதற்கா 9,250 பவுண்? மிச்ச நேரம் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். என் வகுப்பு ஒன்பது மணித்தியாலம், கட்டணமோ குறைவு, எனவே மணிக்கணக்கில் பார்த்தால் எனக்குத்தான் இலாபம் என்று மனைவியிடம் கணக்குக் காட்டினேன். இரண்டாம் வருடம் அவளைப் பார்க்கப் போய் ஒரு புதன்கிழமை முழுவதும் அவள் பின்னால் நடந்தபோதுதான் அது எவ்வளவு மடத்தனமான கணக்கு என்று விளங்கியது. காலையில் ஒரு விரிவுரை. பிறகு தேநீர்க் கடையில் நான்கு பேர் இருந்து அதே விரிவுரையைப் பிய்த்துப் பார்க்கிறார்கள். பகலில், வீட்டு வாடகைப் பிரச்சினையோடு வருகிறவர்களுக்கு இலவச ஆலோசனை கொடுக்கும் மாணவர் மையத்தில் இரண்டு மணித்தியாலம். மாலையில் ஏதோ ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து ஆள் வந்து பேசுகிறார், இலவசமாக பீட்சா வேறு. நடுவில் ஒரு பேராசிரியரின் கதவைத் தட்டி ஒரு சந்தேகம். இது எதுவும் அட்டவணையில் இல்லை. 12 மணித்தியால வகுப்புக்கு வெளியே கிடக்கிற வெறும் நேரத்துக்குத்தான் 9,250 பவுண். வகுப்பு எனக்கும் கிடைத்தது, அந்த வெறும் நேரம் கிடைக்கவில்லை.

என் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்கு உள்ள பெரிய கோபமும் இதையொட்டியதுதான். மாலை ஆறு மணிக்கு வகுப்புத் தொடங்குகிற இடத்தில், வேலைவாய்ப்பு ஆலோசனை அலுவலகம் ஐந்து மணிக்குப் பூட்டப்படும். மாணவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடத் தெரிந்தவர்களுக்கு இது தெரியவில்லை. கடிதம் எழுதினேன். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. இணையவழியில் நேரம் பதிவு செய்துகொள்ளலாமாம், காலை பத்திலிருந்து பிற்பகல் நான்குவரை. நான் கல்லாவில் நின்றுகொண்டா பேசுவது? பரீட்சைகளும் பகலில்தான். சட்டப்படி எனக்கு வருடத்துக்கு 28 நாள் சம்பள விடுமுறை. மே மாதப் பரீட்சைகளுக்கும் அதற்கு முந்திய வாசிப்புக்கும் அதில் பாதி போய்விடும். நான்கு வருடம் நாங்கள் குடும்பமாக எங்கேயும் போகவில்லை. அம்மாவின் ஆண்டுத்திவசத்துக்கு ஊருக்குப் போகாமல் ஒரு வருடம், பிறருக்காக ஒருவர் சொத்தைப் பொறுப்பில் வைத்திருப்பது பற்றிய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

நூலகம் இரவு வரை திறந்திருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. விரிவுரைகளைப் பதிவு செய்து போட்டார்கள், அதுவும் நல்லது. 2022-23 இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்தபோது இரண்டு பேருக்கும் வகுப்புகள் போயின. வேலைநிறுத்தம் நியாயமானதுதான். ஆனால் அவளுக்கு ஒரு விரிவுரை போனால் இரண்டு நாளில் செமினார் இருக்கும். எனக்கு ஒரு மாலை போனால் அந்தப் பாடத்துக்கு அந்தக் கிழமையே போய்விட்டது.

முழுநேரத்தையும் வானத்தில் தூக்கி வைக்க வேண்டாம். மகளுடைய விடுதி வாடகை கட்டணத்தோடு போட்டி போட்டது. வாழ்க்கைச் செலவுக் கடன் பெற்றோர் வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள், எங்கள் வருமானத்துக்குக் கிடைத்தது வாடகைக்கே போதவில்லை. சனி ஞாயிறு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்தாள். முழுநேர மாணவியும் அரைநேரத் தொழிலாளிதான். விரிவுரை மண்டபத்தில் இருநூறு முந்நூறு பேர். முதல் வருடம் அவள் பெயரைத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவரும் இல்லை. என்னை எல்லோருக்கும் தெரியும், இரண்டாம் வாரத்திலேயே 'பெற்றோல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காணிச் சட்டத்தில் அவள் அழுத இரவு ஒன்று உண்டு. பிறர் காணியை நீண்டகாலம் ஆண்டு உரிமை கோருவது அவளுக்கு ஏறவில்லை. "பத்து வருடம் இருந்துவிட்டால் காணி எப்படி அவனுடையதாகும்? அநியாயம்" என்றாள். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஊரில் வேலி ஒவ்வொரு வருடமும் ஒரு கதியால் தள்ளி நடப்படுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அம்மம்மா அயலாரோடு அந்த வேலிக்காகப் பதினைந்து வருடம் கதைக்கவில்லை. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கும், காணியை ஈடு பிடித்திருந்த அயலாருக்கும் அதை வாங்குவதில் முதல் உரிமை இருந்ததையும் சொல்லி, காணி என்பது எங்கேயும் மனிதரைப் பைத்தியமாக்கும் பொருள் என்று தேற்றினேன். இங்கே பதிவு செய்த காணியில் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்து வருடம் முடிந்ததும் தானாகக் கைமாறாது, விண்ணப்பிக்க வேண்டும், உரிமையாளருக்கு அறிவித்தல் போகும், அவர் எதிர்க்கலாம் என்று அவள்தான் பிறகு வாசித்து எனக்குத் திருத்தினாள்.

பகுதிநேரத்தின் பள்ளம் மூன்றாம் வருடத்தில் இருக்கிறது. முதல் வருடம் புதுமையில் ஓடும், இரண்டாவது பிடிவாதத்தில் ஓடும். மூன்றாவது முடியும்போது மகள் கறுப்பு அங்கியோடு படம் எடுத்துக்கொண்டாள். எனக்கு இன்னும் ஒரு வருடம் மிச்சம். என் வகுப்பில் 38 பேரோடு தொடங்கினோம், 21 பேர்தான் முடித்தோம். படிக்க முடியாமல் போனவர்கள் மிகக் குறைவு. பஸ் சாரதிக்கு இரவு ஷிப்ட் கொடுத்தார்கள். இன்னொருவருக்கு இரட்டைக் குழந்தைகள். ஒருவருடைய தாய்க்குப் பாரிசவாதம். முழுநேரத்தில் பிள்ளைகள் மனம் மாறிப் போகிறார்கள், பகுதிநேரத்தில் வாழ்க்கை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு வருடம் நிறுத்தி வைத்துத் திரும்ப வரலாம் என்ற வசதி உண்டு. தாதி அப்படிப் போய்த் திரும்பி வந்தார். அந்த ஏற்பாட்டுக்கு என் முழு மதிப்பெண்.

நானும் போயிருப்பேன். என்னைப் பிடித்து வைத்தது நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம்தான் என்றால் சட்டம் படித்தவர்கள் நம்பமாட்டார்கள், எல்லோரும் பயப்படுகிற பாடம் அது. எங்கள் ஆட்களின் சீட்டை வைத்து அதை விளங்கிக்கொண்டேன். இருபது பேர் சீட்டை நடத்தும் தாய்ச்சியிடம் காசு கட்டுகிறார்கள். தாய்ச்சி கையில் இருக்கும்போது அது யாருடைய காசு? அவர் வங்குரோத்தானால் யாருக்கு முதல் உரிமை? இந்தக் கேள்வியோடு படித்தால் அந்தப் பாடம் துப்பறியும் கதை மாதிரி ஓடும்.

முடிவு என்னவென்றால், மகளுக்கு 64, எனக்கு 58. இந்த ஆறு புள்ளிக்கு நடுவில்தான் 60 என்ற கோடு இருக்கிறது. 60 க்கு மேலே இரண்டாம் வகுப்பு மேல்பிரிவு, கீழே கீழ்ப்பிரிவு. பெரிய சட்ட நிறுவனங்களில் பல, மேல்பிரிவு இல்லாத விண்ணப்பத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. பட்டத்தில் பகுதிநேரம் என்று எழுதவில்லை என்று சொன்னேன் அல்லவா, 58 என்பதற்குள் அது எழுதியிருக்கிறது. அதோடு, அவள் இரண்டாம் வருடக் கோடையில் ஒரு நிறுவனத்தில் இரண்டு கிழமை இருந்து வேலை பழகினாள். அங்கே தெரிந்துகொண்டவர் மூலம்தான் இன்று சட்ட உதவியாளர் வேலை. அந்த மாதிரி இரண்டு கிழமைக்கு என்னால் விடுமுறை எடுக்க முடிந்ததில்லை, அது என்னைப் போன்றவர்களை எண்ணிச் செய்த ஏற்பாடும் இல்லை.

இனி நடப்பது இருவருக்கும் ஒன்றுதான். சொலிசிற்றர் ஆக வேண்டுமானால் 2021 இல் வந்த புதிய தகுதிப் பரீட்சை இரண்டு பகுதி, அதோடு இரண்டு வருட வேலை அனுபவம். முதல் பகுதியில் மட்டும் 360 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகளில் மிகச் சரியானதைத் தெரிய வேண்டும். இரண்டு பகுதிக்கும் பரீட்சைக் கட்டணம் மட்டும் ஏறக்குறைய 5,000 பவுண், இதற்கு மாணவர் கடன் கிடையாது. சட்டப் பட்டம்தான் வேண்டும் என்றும் இல்லை, எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதலாம். நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர் ஆவதற்கு மட்டும் இன்னும் சட்டப் பட்டமோ மாற்றுப் படிப்போ வேண்டும். கணக்கியல் பட்டத்தோடு இருக்கிற தம்பிமார் என்னிடம் வந்து எல்.எல்.பி. பற்றிக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன். வேலை அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம், சம்பளமில்லாத வேலையும் கணக்கில் வரும். அந்த ஒரு விதி என்னைப் போன்றவர்களுக்காகவே போட்டது மாதிரி இருக்கிறது. கிழமைக்கு ஒரு நாள் ஒரு சட்ட உதவி மையத்தில் போய் இருக்கிறேன். தமிழில் பேச வேண்டியவர்கள் வந்தால் என் மேசைக்கு அனுப்புகிறார்கள்.

வீட்டிலிருந்தே படிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகம் 1858 இலிருந்து வெளிவாரியாகப் பட்டம் கொடுக்கிறது, நெல்சன் மண்டேலாகூடச் சிறையிலிருந்து அதன் சட்டப் படிப்பைப் படித்தார். திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது. மாலையில் நேரில் படிப்பதற்கு 1823 இல் தொழிலாளருக்காகத் தொடங்கிய பேர்க்பெக் போன்ற இடங்கள் உண்டு. மண்டேலாவின் மனவுறுதி உள்ளவர்கள் தபாலில் படிக்கலாம். எனக்கு ரயில் ஏறிப் போய் ஒரு கதிரையில் இருந்தால்தான் படிப்பு ஏறும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், முழுநேரத்துக்கு நாலு, வாடகைக்காக ஒன்று குறைத்தேன். பகுதிநேரத்துக்கு மூன்று. வகுப்புத் தோழர்களுக்கு மட்டும் தனியாக ஐந்து. 25 வயதுக்குக் கீழே, பொறுப்பு இல்லாத பிள்ளை என்றால் முழுநேரம், அதில் பேச்சே இல்லை. கட்டணம் ஒன்றுதான், அந்த வெறும் நேரம் வேறெங்கும் விலைக்கு வராது. வீட்டுக் கடனும் பிள்ளைகளும் இருந்தால் பகுதிநேரம்தான் வழி. ஆனால் சேருமுன், பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க விடும் திறந்தநாளில் போய், பாடத்திட்டத்தைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், ஏழு அடிப்படைப் பாடமும் எங்கேயும் ஒன்றுதான். வேலைவாய்ப்பு அலுவலகம் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், பரீட்சை பகலிலா மாலையிலா, சென்ற வருடம் எத்தனை பேர் தொடங்கி எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்.

நான் இன்னும் காலை ஐந்தரைக்கு நிலையத்தைத் திறக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒருவன் 62 பவுணுக்கு டீசல் அடித்துவிட்டு, வரிசையை எட்டிப் பார்த்து, காரில் ஏறிப் போய்விட்டான். புதிதாகச் சேர்ந்த தம்பி பதறிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணை, இது களவுதானே?"

"இல்லை" என்றேன். "1976 இல் ஒரு வழக்கு வந்தது..."

வரிசையில் முன்னால் நின்ற கிழவர் பால் போத்தலைக் கல்லா மேசையில் இரண்டு முறை தட்டினார். அவருடைய முன்மொழிவு காத்துக்கொண்டிருந்தது.